பழைய கார்களின் பெட்ரோல் டேங்க்: துரு, ஓட்டை, ஒழுகல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், மோரிஸ் மைனர் என்று பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்ஜினைப் பற்றிக் கேட்பதைவிட டேங்கைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். பல வருடம் ஷெட்டில் நின்ற வண்டியை மறுபடி ஓட வைக்கும்போது முதலில் பாடாய்ப் படுத்துவது அதுதான். அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் 4ஆம் கேள்வியை மட்டுமாவது படித்துவிட்டு டேங்கில் கை வையுங்கள்.

1. அப்பா ஓட்டின வண்டி, பத்து வருஷமா அப்படியே நிக்குது. புது பெட்ரோல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?

வேண்டாம். நின்று போன பெட்ரோல் மெல்ல ஆவியாகி, மிச்சம் பிசினாக மாறி டேங்கின் சுவரில் ஒட்டியிருக்கும். புது பெட்ரோல் அந்தப் பிசினைக் கரைக்கும், அதற்கு அடியில் இருக்கும் துருவையும் பெயர்க்கும். எல்லாம் சேர்ந்து பம்புக்கும் கார்புரேட்டர் ஜெட்டுக்கும் போய் அடைத்துக்கொள்ளும். டேங்க் வேலையோடு முடிய வேண்டியது மூன்று வேலையாகிவிடும்.

இன்ஜின் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமென்றால், டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி மூடிவிட்டு, சுத்தமான தனி கேனிலிருந்து புது ஹோஸ் வழியாகப் பம்புக்குப் பெட்ரோல் கொடுங்கள். மெக்கானிக்குகள் வழக்கமாகச் செய்வதுதான். கேன் இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் தள்ளி, சாயாமல் இருக்க வேண்டும்.

2. டேங்க் கெட்டுப்போச்சா, இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருப்பதை வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்புத் தூள் என்றால் துரு. கறுப்பாக, விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் பிசின். இரண்டும் சேர்ந்திருப்பதுதான் பெரும்பாலும் நடக்கும்.

பிறகு டேங்கைக் காலி செய்து, கழற்றி, அடிப்பக்கத்தை ஸ்க்ரூடிரைவரின் மரக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். துரு தின்ற இடம் மந்தமாகத் தொப்பென்று கேட்கும். அந்த இடத்தை மொட்டையான கம்பியால் அழுத்திப் பாருங்கள். கம்பி உள்ளே போனால் பயப்பட வேண்டாம், அந்த ஓட்டை ஏற்கெனவே இருந்ததுதான். துரு அதை மூடி வைத்திருந்தது, அவ்வளவே. போனில் மாட்டும் சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பவர்கள், டேங்கை நன்றாகக் கழுவிய பிறகே அதைச் செய்ய வேண்டும்.

3. எப்பவும் அடியிலதான் ஓட்டை விழுது. ஏன்?

தண்ணீரால். பாதி காலியான டேங்கில் மீதி இடம் காற்று. ராத்திரி குளிரும்போது அந்தக் காற்றில் இருக்கும் ஈரம் சுவரில் துளியாகி இறங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடிக்குப் போய், பள்ளமான மூலையில் தேங்கி நிற்கும். மேலே பெட்ரோல் இருப்பதால் அது காயவும் வழியில்லை. கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். அந்தக் காலத்து டேங்குகள் பலவற்றில் தகட்டின் மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய பூச்சு இருக்கும். அது தேய்ந்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும்.

வெளியிலிருந்து விழும் ஓட்டைகளும் உண்டு. டேங்கைப் பிடித்திருக்கும் பட்டைக்கு அடியில் ஃபெல்ட் துணி வைத்திருந்தால், அது மழைத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு தகட்டைத் தின்றுவிடும். இலங்கையில் இன்றும் நிறைய ஓடும் மோரிஸ் மைனரில் டேங்க் டிக்கித் தரையோடு சுற்றிலும் திருகு போட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். டிக்கி ரப்பர் போனால் தண்ணீர் டேங்கின் மேல்பக்கத்தில் தேங்கி, மேலேயிருந்து அரிக்கும். அடிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நல்ல டேங்க் என்று சொல்லிவிட முடியாது.

4. பெட்ரோல் எல்லாம் வடிச்சாச்சு, டேங்க் காலி. வெல்டிங் வெச்சுடலாமா?

கூடாது. காலி டேங்க்தான் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். நிறையப் பெட்ரோல் உள்ள டேங்கில் ஆவி இந்த அளவைத் தாண்டியிருக்கும், காற்று போதாது. வடித்துக் காற்றோட்டமாக வைத்த டேங்கில்தான் ஆவியும் காற்றும் சரியாக அந்தக் கலவையில் வந்து நிற்கும்.

எவ்வளவு பெட்ரோல் இருந்தால் இது நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 லிட்டர் டேங்கில் 1.4 சதவீதம் என்பது சுமார் அரை லிட்டர் ஆவி. அதற்குத் தேவையான திரவப் பெட்ரோல் ஏறத்தாழ 3 மில்லி, ஒரு தேக்கரண்டி கூட இல்லை. மடிப்புத் தையலுக்குள்ளும் துருப் பொருக்குக்கு அடியிலும் அதைவிட அதிகம் ஒளிந்திருக்கும். வாசனை வரவில்லை என்பதை நம்பாதீர்கள். ஆறிய டேங்கில் வாசனையே இல்லாமல் இருக்கும், வெல்டிங் டார்ச்சின் சூடு பட்டதும் மடிப்பிலிருந்து ஆவி கிளம்பும். பெட்ரோலுக்கு ஆவியாகக் குளிர் ஒரு தடையே இல்லை, பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேகூடத் தீப்பற்றுகிற அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போய்ப் பத்தடி தள்ளி இருக்கும் அடுப்பையோ ஸ்விட்சையோ தொடும்.

நன்றாகத் தெரிந்த டிங்கர், எத்தனையோ டேங்க் செய்தவர், என்று சொல்வார்கள். இத்தனை நாள் வெடிக்கவில்லை என்பதால் இன்றைக்கும் வெடிக்காது என்று ஆகிவிடாது. வெடித்த டேங்கின் பக்கத்தில் குனிந்திருந்தவர்கள் பலர் உயிரோடு இல்லை. கிரைண்டர், டிரில், கம்பி பிரஷ் போட்ட மெஷின் எல்லாவற்றுக்கும் இதே விதிதான், தீப்பொறி எதில் வந்தாலும் தீப்பொறிதான்.

5. அப்போ பட்டறையில எப்படித்தான் ஓட்டை அடைக்கிறாங்க?

பழக்கமுள்ள ரேடியேட்டர் கடைக்காரர்கள் செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் சோப்புத் தூள் கலந்த வெந்நீரில் பல தடவை கழுவுவார்கள். பிறகு நீராவி விட்டுச் சூடாக்கி, மடிப்பில் இருப்பதையும் வெளியே எடுப்பார்கள். அப்புறம் ஓட்டை உள்ள பக்கம் மேலே வருமாறு டேங்கைத் திருப்பி வைத்து, ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்புவார்கள். உள்ளே ஆவி தங்க இடமே இல்லாமல் செய்வதுதான் இதன் நோக்கம். கனமான செம்புப் பற்றுக்கோலை வேறு இடத்தில் சூடாக்கிக் கொண்டுவந்து ஈயம் வைப்பார்கள். டேங்குக்குப் பக்கத்தில் சுடரே வராது.

வெல்டிங்கே வேண்டும் என்றால், நைட்ரஜனோ கார்பன் டை ஆக்சைடோ செலுத்திக் காற்றை வெளியேற்றி, வாயு மீட்டர் வைத்துப் பார்த்துச் செய்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். வேறொரு வண்டியின் சைலன்சர் புகையை டேங்குக்குள் விட்டு வெல்டிங் வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தப் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதை நம்பி வேலை செய்யாதீர்கள்.

6. ஈயப்பற்று நிக்குமா? பிரேசிங்தான் கெட்டின்னு சொல்றாங்களே?

பிரேசிங், அதாவது பித்தளையை உருக்கி ஒட்டுவது, கெட்டிதான், ஆனால் அதற்குச் சுமார் 900 டிகிரி சூடு வேண்டும். துரு தின்று மெலிந்த தகடு அந்தச் சூட்டில் கோணும், பக்கத்து மடிப்பில் கம்பெனி வைத்த ஈயமும் உருகி ஓடிவிடும். ஈயப்பற்று ஏறத்தாழ 200 டிகிரியில் முடிந்துவிடுகிறது. டேங்குக்குள் பெரிய அழுத்தம் இல்லை, எனவே ஒழுங்காக வைத்த ஈயம் பல வருடம் நிற்கும்.

ஒரு ஊசித்துளை தெரிந்தால் அதைச் சுற்றியுள்ள தகடும் மெலிந்திருக்கும். துளையின் மேல் ஒரு பொட்டு ஈயம் வைத்தால் அடுத்த மாதம் பக்கத்தில் இன்னொன்று விழும். பளபளவென்று நல்ல உலோகம் வரும் வரை கையால் சுரண்டி, மெல்லிய பித்தளைத் தகட்டை அந்த இடம் முழுக்க மூடி சுற்றிலும் 15 மில்லிமீட்டராவது படியும்படி வெட்டி, இரண்டு பக்கமும் ஈயம் பூசி ஒட்ட வேண்டும். வேலை முடிந்ததும், ஈயம் பிடிப்பதற்காகத் தடவிய ஃபிளக்ஸை வெந்நீரும் ஆப்பச் சோடாவும் போட்டுக் கழுவி எடுங்கள். கழுவாமல் விட்டால் அந்த ஃபிளக்ஸே புதுத் துருவுக்கு வித்தாகும்.

7. வழியில ஒழுக ஆரம்பிச்சா துணி சோப்பைத் தேச்சா நிக்கும்னு தாத்தா சொல்வாரு. எம்-சீல் வெக்கலாமா?

சோப்பு வைத்தியம் உண்மைதான், பெட்ரோல் சோப்பைக் கரைக்காது. ஆனால் இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அதில் சோப்பு கரையும். எனவே தாத்தா காலத்து அளவுக்கு அதை நம்ப முடியாது. எம்-சீல் போன்ற எபாக்சி, ஒழுகிக்கொண்டிருக்கும் ஈரத் தகட்டில் ஒட்டாது. மட்டத்தைத் துளைக்குக் கீழே இறக்கி, துடைத்து, சுரண்டி வைத்தால் வீடு வந்து சேரலாம். இரண்டுமே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர மட்டும்தான். வந்த பிறகு வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், மூடிய ஷெட்டில் விடாதீர்கள்.

8. உள்ளே இருக்கற துருவை எடுக்க எது நல்லது? பாத்ரூம் ஆசிட், வினிகர், புளித்தண்ணின்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பாத்ரூம் ஆசிட் வேண்டாம். அது துருவை மட்டும் தின்பதில்லை, நல்ல தகட்டையும் ஈயத்தையும் தின்னும். கழுவி முடித்த சில நிமிடத்திலேயே மஞ்சளாகப் புதுத் துரு பிடிக்கும். புளியில் உள்ள அமிலம் குத்துவிளக்குக்குப் போதும், டேங்குக்குப் போதாது. சக்கையும் சர்க்கரையும் உள்ளே தங்கிவிடும்.

எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம்தான் வீட்டில் செய்பவர்களுக்கு நான் சொல்வது. லிட்டருக்கு 50 முதல் 100 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து டேங்கை முழுக்க நிரப்பி ஒரு நாள் வைத்து, இடையிடையே பாருங்கள். அதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. பிசினைச் சோப்புத் தண்ணீராலும் தேவைப்பட்டால் அசிட்டோனாலும் எடுக்க வேண்டும், பிசின் மூடிய துருவை அமிலம் தொடாது. அசிட்டோனும் பெட்ரோல் மாதிரியே தீப்பிடிக்கும், அதைத் திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். பொருக்கை உதிர்க்க மெல்லிய சங்கிலியை உள்ளே விட்டுக் குலுக்குங்கள். நட்டு போல்ட்டுகளைக் கொட்டிக் குலுக்குவார்கள், அவை உள்தடுப்புகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வராது. சங்கிலி என்றால் ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிடலாம். கழுவிய டேங்கில்தான் குலுக்க வேண்டும் என்பதை 4ஆம் பதிலைப் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அமிலத்தைக் கொட்டியதும் ஆப்பச் சோடாத் தண்ணீரால் கழுவி, உடனே சூடான காற்று விட்டுக் காய வையுங்கள். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில்தான் நின்றது. அதற்கு முந்தைய வண்டியின் டேங்க் கசடில் ஈயம் இருக்கலாம். எனவே கையுறை போடுங்கள், உலர்ந்த தூளைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள்.

9. பேட்டரி சார்ஜர் வெச்சு துரு எடுக்கறாங்களே, அது நிஜமா?

நிஜம். நல்ல தகட்டைத் தொடாமல் துருவை மட்டும் எடுப்பதில் இதற்கு இணை கிடையாது. கழுவிய டேங்கில் சலவைச் சோடா கலந்த தண்ணீர் நிரப்பி, சார்ஜரின் நெகட்டிவை டேங்கிலும் பாசிட்டிவை ஓர் இரும்புக் கம்பியிலும் மாட்டி, கம்பி டேங்கில் எங்கேயும் படாமல் வாய் வழியாகத் தொங்க விட வேண்டும். 12 வோல்ட் போதும். மாற்றி மாட்டினால் டேங்க்தான் கரையும், இரண்டு தடவை சரிபாருங்கள்.

கம்பி சாதாரண இரும்பாக இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் தண்ணீரில் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கலக்கும். வேலை நடக்கும்போது ஹைட்ரஜன் வெளியேறும், எனவே திறந்த வெளியில் வைத்து, கிளிப்பைக் கழற்றும் முன் சார்ஜரை அணைத்துவிடுங்கள். கம்பிக்கு நேரே தெரியும் இடம்தான் நன்றாகச் சுத்தமாகும். தடுப்புக்குப் பின்னால் உள்ள மூலைகளுக்குச் சிட்ரிக் அமிலமும் தேவைப்படலாம்.

10. டேங்க் சீலர் ஊத்தினா எல்லாமே சரியாயிடுமா?

சீலர் ஒரு பூச்சு, அவ்வளவுதான். ஓட்டையை ஈயத்தால் அடைத்த பிறகு, மறுபடி துரு பிடிக்காமல் இருக்கவும் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகளை மூடவும் அது உதவும். ஓட்டையையே சீலர் அடைக்கும் என்று நம்பி ஊற்றியவர்கள் எல்லோரும் திரும்ப வந்திருக்கிறார்கள்.

சீலர் உரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் ஈரமும் எண்ணெயும்தான். காய்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் சூடான காற்றைச் சில மணி நேரம் விடுங்கள், மடிப்புக்குள் இருக்கும் ஈரம் கடைசியாகத்தான் வரும். எத்தனால் தாங்கும் எபாக்சி வகையாகப் பார்த்து வாங்குங்கள். பழைய வகைச் சீலர்கள் சில எத்தனாலில் தோல் தோலாக உரிந்து, உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். ஊற்றியதும் டேங்கை எல்லாப் பக்கமும் மெதுவாகப் புரட்டி, மிச்சத்தை முழுக்க வடித்துவிடுங்கள். ஒரு மூலையில் குட்டை கட்டினால் அது உள்ளே காயாது. பெட்ரோல் குழாயிலும் காற்றுத் துளையிலும் சீலர் உறையும் முன் ஊதிப் பாருங்கள். இதை மறந்தால் என்ன ஆகும் என்பது கடைசிக் கேள்வியில் வருகிறது. டப்பாவில் போட்டிருக்கும் நாள் முடியும் வரை பெட்ரோல் ஊற்றக் கூடாது.

டேங்க் உள்ளே சுத்தமாக, துருவில்லாமல் இருந்தால் சீலரே வேண்டாம் என்பது என் கருத்து. சும்மா இருக்கும் நல்ல தகட்டில் உரியக்கூடிய ஒன்றைப் பூசுவானேன்?

11. இ20 பெட்ரோல் வந்ததுக்கப்புறம் பழைய டேங்க் எல்லாம் போயிடும்னு பயமுறுத்தறாங்க.

பயப்பட வேண்டாம், கவனம் வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் ஒரு படலமாக நிற்கும். 3ஆம் பதிலில் சொன்ன அதே மூலையில்தான். வாரம் ஒருமுறை ஓடி, புதுப் பெட்ரோல் மாறிக்கொண்டிருக்கும் வண்டிக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. நிற்கும் வண்டிக்குத்தான் சிக்கல்.

மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை முழுக்க வடித்து, உள்ளே டூ-ஸ்ட்ரோக் எண்ணெயை மெல்லிதாகப் படரவிட்டு மூடுங்கள். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். டேங்கைவிட இவைதான் முதலில் போகும்.

12. டேங்க் உள்பக்கமா ஒடுங்கியிருக்கு. யாரும் இடிக்கவே இல்லையே?

மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா பாருங்கள். பம்ப் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் வெளிக்காற்று மெல்லிய தகட்டை உள்ளே தள்ளும். காரணத்தைச் சரிசெய்யாமல் ஒடுக்கு எடுத்தால் மறுபடி ஒடுங்கும். ஒடுக்கு சிறியதாக இருந்து, மடிப்பு கிழியாமல் இருந்தால் அப்படியே விடுவதுதான் நல்லது. இழுத்தே ஆக வேண்டும் என்றால் கழுவிய டேங்கில் ஒரு கொக்கியை ஈயத்தால் ஒட்டி இழுத்து, பிறகு உருக்கி எடுத்துவிடலாம். கம்ப்ரசர் காற்றை நிரப்பி ஒடுக்கு எடுக்கக் கூடாது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

13. ஒழுகுதான்னு டெஸ்ட் பண்ண எத்தனை பிரஷர் குடுக்கலாம்?

ஒரு பி.எஸ்.ஐ. போதும். குறைவாகத் தெரிகிறதா? 60க்கு 60 சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு பக்கத்தில் ஒரு பி.எஸ்.ஐ. என்பது சுமார் 250 கிலோ தள்ளுவதற்குச் சமம். டயருக்குக் கொடுப்பதுபோல் 25 பி.எஸ்.ஐ. கொடுத்தால் டேங்க் வீங்கி மடிப்புக் கிழியும். சைக்கிள் பம்பால் மெதுவாக அடித்து, சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். ஈயம் வைத்த ஓரங்களில் நிதானமாகப் பார்க்க வேண்டும், சில குமிழிகள் ஒரு நிமிடம் கழித்துத்தான் எழும்பும். பிறகு பெட்ரோல் ஊற்றி, அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து ஒரு ராத்திரி வெளியில் வைத்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள். ஹெரால்டில் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது, சிறு கசிவின் ஆவியும் மூடிய டிக்கியில் சேரும் என்பதால் அந்த வண்டிக்கு இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

14. டேங்க் சூப்பரா பெயின்ட் பண்ணி மாட்டினேன். இப்போ பெட்ரோல் மீட்டர் அசையவே மாட்டேங்குது.

பெயின்ட்தான் காரணமாக இருக்கும். மிதவை யூனிட்டுக்கு எர்த் டேங்கின் தகடு வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்ததும் அந்தப் பாதை அறுந்துவிட்டது. யூனிட்டின் ஒரு திருகிலிருந்து பாடிக்குத் தனி எர்த் வயர் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மிதவையைப் பாருங்கள். பித்தளை மிதவையை வெந்நீரில் அமுக்கினால், விரிசல் இருந்தால் குமிழி வரும். கார்க் மிதவையில் பூசியிருக்கும் அரக்கு எத்தனாலில் கரைந்து, மிதவை பெட்ரோலைக் குடித்து மூழ்கிவிடும்.

15. இவ்வளவு பாடு எதுக்கு, புதுசா தகடு அடிச்சு ஒரு டேங்க் பண்ணிட்டா என்ன?

அடிப்பக்கம் பாதிக்கு மேல் சல்லடையாகி, மடிப்பும் போயிருந்தால் புதிதாகச் செய்வதுதான் சரி. அப்போதும் பழைய டேங்கைத் தூக்கிப் போடாதீர்கள். அளவு, குழாய் உயரம், தடுப்புகள் இருக்கும் இடம் எல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். தடுப்பில்லாமல் வெறும் பெட்டியாகச் செய்தால் வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் திணறும். நாகத்தகடு வேண்டாம், வெல்டிங்கில் எழும் துத்தநாகப் புகை செய்பவரைக் காய்ச்சலில் தள்ளும்.

மற்ற எல்லா நேரத்திலும் பழையதைக் காப்பாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். கம்பெனி முத்திரையும் மடிப்பும் உள்ள அசல் டேங்க் இனி கிடைக்காது. 50 வருடம் தாண்டிய வண்டிகளை வி.ஏ. என்ற பதிவெண் வரிசையில் வின்டேஜாகப் பதிவு செய்ய 2021இல் வந்த விதிகள், சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கின்றன. டேங்கின் ஓட்டையை அடைப்பது அதில் வராது.

16. எல்லாம் முடிஞ்சுது, ஒழுகல. ஆனா பத்து கிலோமீட்டர் ஓடினதும் நின்னுடுது. கொஞ்ச நேரம் கழிச்சு தானா ஸ்டார்ட் ஆகுது.

அடுத்த தடவை நின்றதும் வேறு எதையும் தொடாமல் பெட்ரோல் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது, பெரும்பாலும் 10இல் சொன்ன சீலரால், அல்லது துளையில்லாத வேறு மூடியை மாட்டியதால்.

சத்தம் வரவில்லை என்றால் உறிஞ்சு குழாயின் வாயில் ஏதோ ஒட்டி அடைக்கிறது. இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் நின்று அது விழுந்துவிடும், அதனால்தான் தானாக ஸ்டார்ட் ஆகிறது. குழாயைப் பம்ப் பக்கம் கழற்றி, டேங்கை நோக்கி மெதுவாக ஊதுங்கள். பிறகு டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ளே தெரியும்படியான ஃபில்டர் ஒன்றைப் போட்டு, முதல் இரண்டு டேங்க் பெட்ரோல் தீரும் வரை அதில் என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். துருத் தூள் வருவது குறைந்துகொண்டே போனால் ஃபில்டரை மாற்றிக்கொண்டு ஓட்டலாம். சீலர் தோல் ஒரு துண்டு வந்தாலும் டேங்கை மறுபடி இறக்கத்தான் வேண்டும்.